பழுது உனக்கு, பொருள் எனக்கு

தவணைக்கு எடுத்த இருசக்கர உழவு இயந்திரம் நாலாம் மாதமே கியர்ப்பெட்டி உடைந்து வளவுக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் கடைக்குப் போகிறார். “எங்களுக்குக் காசு தந்தது லீசிங் கொம்பனி, அங்கே கதையுங்கோ” என்கிறார்கள். கொம்பனிக்குப் போகிறார். “நாங்கள் காசு தந்தனாங்கள், அவ்வளவுதான். சாமானைப் பற்றிக் கடையில் கேளுங்கோ” என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் பிணை வைத்த உறவினரும் அயலவரும் சேர்ந்து மூன்றாவது பதிலைச் சொல்கிறார்கள்: “பழுதோ பழுதில்லையோ, தவணையைக் கட்டிப்போடு; பிறகு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாங்கள்.” மூன்று பதில்களும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன. கடன் வேறு, பொருள் வேறு. கடனுக்கு வாங்கியவனுக்குப் பொருளைப் பற்றிக் கேட்க வாய் இல்லை. கடைக்காரரும் கொம்பனியும் இப்படிச் சொல்வதில் அவர்களுக்கு ஆதாயம் உண்டு. ஏமாந்தவரும் அவரைச் சூழ்ந்தவர்களும் இதையே உலக நியதி போல ஏற்றுக்கொண்டிருப்பதுதான் வன்னிக்கு வந்த கேடு. இந்த நம்பிக்கை நியாயத்திலும் பிழை, சட்டத்திலும் பாதிக்கு மேல் பிழை. மிச்சப் பாதியை நாடாளுமன்றம் திருத்தாமல் இருப்பதற்கும் இந்த நம்பிக்கையே காரணம் என்பது என் வாதம்.

2009 இல் போர் முடிந்து மீள்குடியேறியவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். வீடு, மாடு, சைக்கிள், தண்ணீர்ப் பம்பி, தையல் இயந்திரம் என்று ஒரு குடும்பம் இருபது முப்பது வருடத்தில் சேர்த்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மறுபடி வாங்க வேண்டியிருந்தது. ஏ9 வீதி திறந்ததும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வங்கிகளும் நிதிக் கொம்பனிகளும் கிளைகளைத் திறந்தன. முல்லைத்தீவின் உட்கிராமங்களுக்குக் கடன் வெளிக்கள உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தது. ஆகவே வன்னியில் தவணைக் கடன் என்பது ஆடம்பரத்தின் கதை அல்ல. இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டின் கீழோ வயல் செய்பவருக்கு உழவு இயந்திரம் தொழில் ஆயுதம். ஆட்டோ ஓட்டுபவருக்கும், கணவனை இழந்து தையலில் பிள்ளைகளை வளர்ப்பவருக்கும் அப்படித்தான். அந்தப் பொருள் ஓடினால்தான் தவணைக்குக் காசு வரும். பொருள் நின்ற நாளிலேயே வருமானமும் நிற்கிறது, தவணை மட்டும் நிற்பதில்லை. காலபோகத்து முதல் மழைக்கு உழ முடியாமல் போன வயலுக்கு, இயந்திரத்தைத் தை மாதத்தில் திருத்திக் கொடுத்து என்ன பயன்? இழந்தது ஒரு உதிரிப்பாகத்தின் விலை அல்ல, ஒரு போகம். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை இதுதான்.

வடக்கின் கடன் துயரம் பேசப்படாத விடயமல்ல. 2018 இல் நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீர, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் விழுந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அறிவித்தார். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் அப்போதுதான் வந்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் பெற்ற பெண்கள் வசூலிப்பவர்களிடம் படும் பாட்டைப் பதிவு செய்தார். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அந்த விவாதம் முழுக்க வட்டியையும் வசூலையும் சுற்றியே நடந்தது. கடன் எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது, அந்தப் பொருள் வேலை செய்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் ஏன் தவணை தவறினார் என்பதற்குக் குடி, ஊதாரித்தனம், கலியாணச் செலவு என்று காரணம் தேடிய அளவுக்கு, வாங்கிய இயந்திரம் ஓடவில்லை என்ற எளிய காரணத்தை நாம் தேடவில்லை. தேடாததற்குக் காரணம் அந்த நம்பிக்கைதான். கடன் வேறு, பொருள் வேறு என்று வைத்துவிட்டால், கடன் ஆராய்ச்சியில் பொருளுக்கு இடமே இல்லாமல் போகிறது.

அவை உண்மையில் வேறு வேறா? ஒருவர் வங்கியில் தனிநபர் கடன் எடுத்து, காசைக் கையில் வாங்கி, தான் விரும்பிய இடத்தில் விரும்பியதை வாங்கினால், ஆம், வேறுதான். அந்த வங்கியைப் பொருளின் பழுதுக்குப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆனால் வன்னியில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. காட்சியறைக்குள்ளேயே படிவம் நிரப்பப்படுகிறது. சில இடங்களில் கொம்பனியின் ஆளுக்கு அங்கேயே மேசை உண்டு. எந்தக் கடையில் வாங்கினால் எந்தக் கொம்பனி காசு தரும் என்பது முன்கூட்டியே பேசி முடிந்திருக்கும். காசு கடன்காரரின் கையைத் தொடுவதே இல்லை. கொம்பனியிலிருந்து நேரே கடைக்குப் போகிறது. கடன் இல்லாவிட்டால் விற்பனை இல்லை, விற்பனை இல்லாவிட்டால் கடனும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வியாபாரம் செய்து, இலாபத்தில் ஒருவர் விலையையும் மற்றவர் வட்டியையும் எடுத்துக்கொள்கிறார்கள். பழுது என்று வந்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர் போல நிற்பதற்கு என்ன அடிப்படை இருக்கிறது?

லீசிங்கில் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையானது. சட்டப்படி அங்கே பொருளை வாங்குவதே கொம்பனிதான். வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கொம்பனியின் பெயர் இருக்கிறது. உழுபவர், ஓட்டுபவர் வெறும் பாவனையாளர். இரண்டு தவணை தவறட்டும், அந்த உரிமை உடனே உயிர் பெறுகிறது. சீஸ் பண்ண வருபவர்கள் வாசலில் நின்று சொல்லும் முதல் வசனம் “இது கொம்பனியின்ர வாகனம்” என்பதுதான். அப்படியானால் எஞ்சின் வெடித்த அன்று அது யாருடைய வாகனமாக இருந்தது? பறிக்கும்போது சொந்தக்காரர், பழுதாகும்போது வெறும் காசு கொடுத்தவர் என்று ஒரே ஆள் இரண்டு வேடம் போட எந்தத் தர்மத்திலும் இடமில்லை. மாடு ஒன்றை உழவுக்கு வாடகைக்குக் கொடுத்தவர், நொண்டி மாட்டைக் கொடுத்துவிட்டு முழு வாடகை கேட்டால் ஊர் அவரை என்ன சொல்லும்? இந்த நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டமும், வாடகைக்குக் கொடுப்பவர் பொருளைப் பயன்படக்கூடிய நிலையில் கொடுக்க வேண்டும் என்றே தொடங்குகிறது. மாட்டுக்கு விளங்குகிற நியாயம் இயந்திரத்துக்கு மட்டும் ஏன் விளங்காமல் போக வேண்டும்?

சட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதும் இந்த நம்பிக்கையின் ஒரு கிளை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவரிடமிருந்து வாங்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பதை, எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்கிறது. 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கப் பாவனையாளர் கொடுகடன் சட்டம் வாடகைக் கொள்வனவுக்கென்றே இயற்றப்பட்டது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எல்லை போட்டது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சின்ன எழுத்து வசனம் எதையும் செய்யலாம் என்ற காலம் அன்றே முடிந்திருக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை உருவாக்கி, தரமற்ற பொருளுக்கு நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ வியாபாரிக்குக் கட்டளையிடும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது. வன்னியில் இந்த அதிகாரசபையை அரிசி விலையும் காலாவதித் திகதியும் பார்க்க வருபவர்களாகத்தான் சனம் அறிந்திருக்கிறது. பழுதான பம்பிக்கும் அதே கதவைத் தட்டலாம் என்பது தெரியாது. இந்தச் சட்டங்கள் எதுவும், பொருள் கடனுக்கு வாங்கப்பட்டது என்பதால் விற்றவரின் பொறுப்பு அற்றுப்போகிறது என்று சொல்லவில்லை.

ஆனாலும் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லீசிங்கில் கடையிலிருந்து வாங்குவது கொம்பனி என்பதால், தரம் பற்றிய வாக்குறுதி கொம்பனிக்கே சேர்கிறது என்று வழக்கறிஞர் ஒருவர் வாதிடலாம். பொருளைப் பாவிப்பவருக்கும் கடைக்கும் இடையில் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் உள்ள கொம்பனிக்கோ, தவணை ஒழுங்காக வரும்வரை, வழக்குப் பேச எந்த அவசியமும் இல்லை. உலகம் இந்தப் பொந்தை எப்போதோ கண்டது. 1988 இல் ஒட்டாவாவில் செய்யப்பட்ட சர்வதேச நிதிக் குத்தகை உடன்படிக்கை, விற்பவர் கொம்பனிக்குப் பட்ட கடமைகளைக் குத்தகை எடுத்தவருக்கும் பட்டவராகவே கொள்ள வேண்டும் என்றது. சொன்னபடி இல்லாத இயந்திரத்தைக் குத்தகை எடுத்தவர் மறுக்கலாம், குறை தீரும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாம் என்றும் வகுத்தது. கொம்பனிகளுக்கு மிக வாய்ப்பான ஓர் உடன்படிக்கையிலேயே இவ்வளவு இருக்கிறது. அது பெரும் வியாபாரிகளுக்கிடையில் நாடு கடந்து நடக்கும் குத்தகைக்காக எழுதப்பட்டது. கப்பலில் இயந்திரம் இறக்கும் முதலாளிக்கு இருக்க வேண்டும் என்று கருதப்பட்ட உரிமை, ஒட்டுசுட்டானில் ஒரேயொரு உழவு இயந்திரம் எடுத்தவருக்கு இருக்கக் கூடாதா?

அதிகாரசபைச் சட்டத்திலும் ஒரு முள் உண்டு. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு இலட்சம் ரூபா கடன், மூன்று வருடத் தவணை, ஆண்டுக்கு 24 சதவீதம் குறையும் நிலுவைக்கு வட்டி என்றால், மாதத் தவணை 3,920 ரூபாவைத் தாண்டும். கட்டி முடிக்கும்போது 141,000 ரூபாவுக்கு மேல் போயிருக்கும். பொருள் நாலாம் மாதத்தில் நின்றுவிட்டால், முறைப்பாட்டுக் கதவு ஒரு மாதத்துக்கு முன்பே சாத்தப்பட்டுவிட்டது. ஆனால் இன்னும் 32 தவணை, அதாவது 125,000 ரூபாவுக்கு மேல், கட்ட வேண்டியிருக்கிறது. கடன் மூன்று வருடம் உயிரோடு இருக்கும், கேள்வி கேட்கும் உரிமை மூன்று மாதத்தில் சாகும். இந்த இரண்டு கால அளவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும், சட்டம் யாருடைய வசதியை நினைத்து எழுதப்பட்டது என்பது தெரியும்.

மறுபக்கத்தில் கடன் கொடுத்தவருக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த பாதை எவ்வளவு அகலம் என்பதையும் பார்க்க வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின்படி, அந்தச் சட்டத்துக்குள் வரும் கடன் நிறுவனம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், கடன்பட்டவர் தன் பக்க நியாயத்தைச் சொல்வதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அதே 1990 இல்தான் கொடுகடன் தகவல் பணியகமும் சட்டத்தால் அமைந்தது. “கிறிப்பில பேர் விழுந்திட்டுது” என்று இன்று ஊரில் சொல்லப்படுவது அதைத்தான். தவணை தவறியவரின் பெயர் நாடு முழுவதும் உள்ள வங்கிகளுக்குத் தெரிகிறது. பழுதான பொருளை விற்றுப் பத்துப் பேரைக் கடனில் விட்ட கடையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் விழுவதில்லை.

இந்த நியாயத்துக்காகப் போராடியவர்கள் வேறு நாடுகளில் வென்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1930களில் தவணைக்கு வாங்கிய தளபாடங்களை, முக்கால்வாசிக் காசு கட்டிய பிறகும் கொம்பனி ஆட்கள் வீடு புகுந்து தூக்கிச் சென்றார்கள். தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் தனி உறுப்பினர் பிரேரணையாகக் கொண்டுவந்து நிறைவேற்றியதுதான் 1938 இன் வாடகைக் கொள்வனவுச் சட்டம். மூன்றில் ஒரு பங்கு கட்டியவரிடமிருந்து நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பொருளைப் பறிக்க முடியாது என்று அது தடுத்தது. பிறகு 1974 இன் பாவனையாளர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. விற்பவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் இடையே ஏற்பாடு இருந்து, பொருளின் விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுணுக்கு உட்பட்டதாக இருந்தால், விற்றவர் செய்த பிழைக்குக் கடன் கொடுத்தவரும் சேர்ந்து பொறுப்பு. கடை மூடிவிட்டாலும், முதலாளி தலைமறைவானாலும், வங்கியிடம் கேட்கலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1976 இல் நடைமுறைப்படுத்திய விதியும் இதே பாதையில் வந்தது. அதற்கு முன் அங்கே கடைகள் கடன் பத்திரத்தை நிதிக் கொம்பனிக்கு விற்றுவிடும், கொம்பனி “எனக்குப் பொருளைப் பற்றித் தெரியாது” என்று கையை விரிக்கும். வன்னியில் இன்று கேட்கும் அதே வசனத்தை அமெரிக்கா அன்றே ஒழித்தது. வன்னியிலிருந்து லண்டன் போன மகனுக்குக் கடன் அட்டையில் வாங்கிய பிறிட்ஜ் பழுதானால் உள்ள உரிமை, வன்னியில் இருக்கும் தாய்க்குத் தையல் இயந்திரம் பழுதானால் இல்லை. அவருடைய காசு அவ்வளவு மலிவானதா?

இதற்கு வரும் முதல் மறுப்பு கனமானது, நல்லெண்ணத்தோடும் சொல்லப்படுவது. கொம்பனிகளைப் பொறுப்பாக்கினால் அவை வன்னிக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிடும், ஏழைகளுக்குக் கிடைக்கும் ஒரேயொரு வழியும் அடைபடும் என்கிறார்கள். 1974 க்குப் பிறகு பிரித்தானியாவில் கடன் அட்டை அழியவில்லை, பெருகியது. அமெரிக்காவில் வாகனக் கடன் நிற்கவில்லை. காரணம் எளியது. பழுதுக்கான நட்டம் எங்கோ ஓரிடத்தில் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று அது தாங்கவே முடியாதவரின் தலையில் விழுகிறது. கொம்பனியின் தலைக்கு மாற்றினால் கொம்பனி அதைக் கடையிடமிருந்து அறவிடும், அறவிட முடியாத கடையோடு தொடர்பை அறுக்கும். எந்தக் கடையின் பொருள் திரும்பத் திரும்பப் பழுதாகிறது என்பதை நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை வைத்திருக்கும் கொம்பனியால் ஒரே மாதத்தில் கண்டுபிடிக்க முடியும். வாழ்நாளில் ஒரே ஒரு இயந்திரம் வாங்கும் விவசாயியால் ஒருபோதும் முடியாது. கண் உள்ளவரிடம் காவலைக் கொடுப்பதுதான் முறை. வட்டி சிறிது கூடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போதுள்ள வட்டியிலேயே, ஓடாத இயந்திரத்துக்கு மூன்று வருடம் கட்டுவது எவ்வளவு சதவீதம் என்று கேட்கிறேன். அது நூற்றுக்கு நூறு.

பொய்ப் பழுது சொல்லித் தவணை கட்டாமல் விடுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. வன்னிச் சனத்தைப் பற்றி இப்படிப் பேசுவது எனக்கு வலிக்கிறது. சாப்பாட்டைக் குறைத்து, தாலிக்கொடியை அடகு வைத்துத் தவணை கட்டிய பெண்களைப் பற்றியே 2018 இல் நாடு பேசியது. அதை விட்டாலும், பழுது என்பது கண்ணால் பார்க்கக்கூடியது; ஒரு திருத்துநர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கக்கூடியது. நோய் என்று பொய் சொல்லி விடுமுறை எடுப்பார்கள் என்பதற்காக யாரும் வைத்திய விடுமுறையை ஒழிப்பதில்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்பதும் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அச்சிட்ட பத்திரத்தில், காட்டிய இடத்தில் எல்லாம் போட்ட கையெழுத்து எவ்வளவு தூரம் சம்மதம் ஆகும் என்ற கேள்வி இருக்கட்டும். கையெழுத்து இரண்டு பக்கத்தையும் கட்டுகிறது. ஓடும் இயந்திரத்துக்காகப் போட்ட கையெழுத்து ஓடாத இயந்திரத்துக்கு எப்படிச் செல்லும்?

ஆகவே கேட்க வேண்டியது ஒரே ஒரு திருத்தம். கடையும் கடன் கொம்பனியும் முன் ஏற்பாட்டோடு இயங்கும் இடத்தில், பொருளின் குறைக்கு இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. முறைப்பாட்டுக் காலம் மூன்று மாதம் அல்ல, கடன் உயிரோடு இருக்கும் காலம். வன்னியிலிருந்து நாடாளுமன்றம் போனவர்கள், எந்தக் கட்சியானாலும், தங்கள் மாவட்டத்தில் தவணைப் பொருள் இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இதைக் கொண்டுவரத் தயங்கமாட்டார்கள். எலன் வில்கின்சனும் அமைச்சராக இருந்து அதைச் செய்யவில்லை. சாதாரண உறுப்பினராக இருந்தே செய்தார்.

திருத்தம் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. கோபத்தில் தவணையைச் சத்தமில்லாமல் நிறுத்துவதுதான் மிகப் பெரிய பிழை. கொம்பனியின் புத்தகத்தில் அது பழுதாகப் பதியாது, நிலுவையாகத்தான் பதியும், பிணை வைத்தவரையும் இழுக்கும். இயந்திரம் குறை காட்டிய முதல் வாரத்திலேயே, மூன்று மாதம் முடிவதற்கு முன், தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும்: வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், ஒப்பந்த இலக்கம், என்ன பழுது, திருத்துநர் என்ன சொன்னார் என்று. அதைக் கடைக்கும் கொம்பனிக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம், ஆனால் எழுத்துக்குத்தான் பலம். கொம்பனி பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935; மத்திய வங்கியின் மாகாண அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. பிணை வைத்த உறவினர் “கட்டிப்போடு” என்று சொல்வதை விட்டு, அந்தக் கடிதத்தில் சாட்சியாகக் கையெழுத்து வைக்கலாம். பழுது அவருடைய தலையிலும் விழப்போகிற ஒன்றுதானே. கடையிலும் கொம்பனியிலும் கடிதத்தைக் கொடுக்கும்போது தங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். குத்த மறுத்தால், அன்றைக்கே தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகப் போட்டு, அந்தத் துண்டைத் தவணைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.